நாலு மணிக்குப் பின் யார் பிள்ளை?

பள்ளிக்கூடத்து மணி நாலைக் கடந்ததும் அடிக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை விடுவதோ ஐந்தரைக்கு. 'ஒன்றரை ஷிப்ட்' என்று சொன்ன நாட்களில் எட்டரைக்கு. இந்த இரண்டு மணிகளுக்கும் நடுவில் ஒரு குழந்தை தெருவில் நிற்கிறது. அது யார் பிள்ளை?

"இதென்ன கேள்வி, பெற்றவள் பிள்ளை!" என்று பட்டென்று பதில் சொல்லிவிடலாம். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாமும் அப்படிச் சொன்னவர்தாம். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, திருப்பூரில் ஒரு பள்ளியின் கரும்பலகை முன் வந்து நின்றபோது, சாக்ரடீசையும் ரூசோவையும் அறிந்திருந்தோம். நம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமரும் சிறுமி காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பதை அறிந்தோமில்லை.

ஐந்தாம் வகுப்புச் சிறுமி. நாள்தோறும் தாமதமாக வருவாள். கேட்டால் தலை குனிவாள். காலம் தவறாமையின் மேன்மை குறித்து நாம் அவளுக்கு ஆற்றிய சொற்பொழிவுகள் பல. ஒரு நாள் பொறுமை இழந்து, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தோம். ஒரு பாடவேளை முழுதும் நின்றாள். அழவில்லை. அழாதது திமிர் என்று அப்போது நமக்குத் தோன்றிற்று.

உண்மையை அவள் சொல்லவில்லை. பக்கத்து லைன் வீட்டுப் பையன் சொன்னான். தந்தை சாயப்பட்டறைக்கும், தாய் கைமடி வேலைக்கும் எட்டு மணிக்கு முன்பே புறப்பட்டுவிடுகின்றனர். மூன்று வயதுத் தம்பி இருக்கிறான். அங்கன்வாடி திறக்கும்வரை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்து, உள்ளே விட்டு, பிறகு ஓடி வருகிறாள் அக்காள். பள்ளியில் காலை உணவு உண்டு. அவள் வந்து சேரும்போது பாத்திரம் கழுவியாகிவிடும். மாலையில் தம்பியை அழைத்துக்கொண்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, உள்ளே தாழிட்டுக்கொண்டு, எட்டரை மணிவரை அவள்தான் அந்த வீட்டின் தாய். வயது பத்து!

குற்றவாளி யார்? நிற்க வைத்த நாம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால், நாம் வெட்கப்பட்டுவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

"தாய் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும்" என்று தீர்ப்பளிக்கும் நீதிமான்கள் நாட்டிலே நிரம்ப உண்டு. பள்ளி ஆண்டு விழாவிலே ஒரு பெரியவர் தாய்மையைத் தெய்வம் என்றார்; தாயின் மடியே முதற் பள்ளி என்றார்; கரவொலி எழுந்தது. அவர் அணிந்திருந்த பனியனின் பிசிரை வெட்டி, மடித்து, உறையிலிட்ட கை எந்தத் தெய்வத்தின் கையோ, அந்தத் தெய்வம் விழாவுக்கு வரவில்லை. வந்தால் அரை நாள் கூலி போய்விடும். தாய் வீட்டில் இருக்க வேண்டும், சட்டை மட்டும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது எந்த ஊர் அறம்? தாயும் தந்தையும் சேர்ந்து உழைத்தால்தான் வாடகை கொடுக்க முடியும் என்ற நிலையை வைத்துக்கொண்டு, அவளை மட்டும் பார்த்து "குழந்தையைக் கவனியாத தாய்" என்பது, காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வதாகும். தந்தையைப் பார்த்து அப்படிக் கேட்டவர் ஒருவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

"பாட்டி இல்லையா?" என்பார் மற்றொருவர். பாட்டி தேனியிலோ, திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலோ இருக்கிறாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துக்குப் பாட்டி ஓரிரு நாள் ரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கிறாள். உடன் இருந்தால்தான் என்ன? அறுபது ஆண்டு உழைத்துத் தேய்ந்தவளிடம் கூலியில்லாமல் இன்னொரு பிள்ளை வளர்ப்பை ஒப்படைத்து, அதற்குப் 'பாசம்' என்று பெயரிடுகிறோம். பாசம் உண்மை, அதைக் காட்டி அவள் முதுகில் மூட்டை ஏற்றுவதும் உண்மை.

பாட்டியும் இல்லாத இடத்தில் பாரம் யார் மீது இறங்குகிறது? அண்ணன் மீதன்று, அக்காள் மீது. நம் வகுப்பில் தம்பி தங்கையைச் சுமந்து வரும் மாணவர் நால்வர், நால்வரும் பெண்கள். எவரும் சட்டம் போடவில்லை, எவரும் கட்டளையிடவில்லை, இருந்தும் தராசுத் தட்டு தவறாமல் ஒரே பக்கம் சாய்கிறது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனத்துக்குக் காப்பகம் கட்டாயம் என்றனர். ஏட்டிலே எழுதியது எத்தனை வாசலில் கட்டிடமாயிற்று என்பது வேறு கதை. நாம் சுட்ட விரும்புவது அந்த 'ஆறு வயது' என்ற கோட்டை. அரசியல் சட்டத்தையே புரட்டுங்கள். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 45-ஆவது பிரிவு, ஆறு வயது நிறையும்வரை குழந்தைக்குப் 'பராமரிப்பும் கல்வியும்' தர அரசு முயல வேண்டும் என்கிறது. ஆறிலிருந்து பதினான்கு வரை 21-ஏ பிரிவு பேசுகிறது. அங்கே கல்வி இருக்கிறது, உரிமையாகவே இருக்கிறது. பராமரிப்பு என்ற சொல்லைக் காணோம்! ஆறாவது பிறந்த நாளன்று அந்தச் சொல் எங்கே உதிர்ந்தது? ஏழு வயதுக் குழந்தைக்குப் பசிக்காதா? இருட்டில் பயம் வராதா? பாடம் நடத்தும் நேரத்துக்கு மட்டும் குழந்தையாக இருந்துவிட்டு, மணி அடித்ததும் அது பெரிய மனிதராகிவிடுகிறதா?

"குழந்தையைப் பேணுவது குடும்பத்தின் வேலை; சமுதாயம் அதில் கைவைத்தால் பாச உறவு பட்டுப்போகும்" என்ற அச்சம் சிலருக்கு இருக்கிறது. இது நேர்மையான அச்சமே. நேர்மையாகவே பதில் சொல்வோம். ஒரு காலத்தில் சோறூட்டுவதும் குடும்பத்தின் வேலையாக மட்டுமே இருந்தது. 1920-இல், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்கு உணவு தரத் தொடங்கினர். காமராசர் ஆட்சியில், 1956-இல், மதிய உணவு மாநிலமெங்கும் பரவிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாயிற்று. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள், முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கி வைத்தார். இத்தனை ஆண்டுகளில், பள்ளியில் சோறு போட்டதால் தாயை மறந்த பிள்ளை உண்டா? பசி தீர்ந்த பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. அது பசிக்காகத் தீட்டிய திட்டம். ஆனால் அது நடக்கும் பள்ளிகளில், கேளாமலே இன்னொரு வேலையையும் செய்துவிட்டது: பள்ளியின் கதவை முன்னதாகத் திறந்தது. எட்டரைக்கு வேலைக்குப் போகும் தாய் எட்டே காலுக்குப் பிள்ளையை விட்டுச் செல்ல ஓர் இடம் கிடைத்தது. உப்புமாவும் பொங்கலும் வயிற்றை நிரப்பியதைப் பலரும் எழுதினர். பெற்றோரின் ஒரு மணி நேரக் கலக்கத்தைத் தீர்த்ததை எழுதியவர் குறைவு. காலையில் முடிந்தது மாலையில் முடியாதா?

முடியும் என்பதற்கு வேற்று நாட்டுச் சான்றுகள் உண்டு. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்திய இராபர்ட் ஓவன், 1816-இலேயே ஆலையை ஒட்டித் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். நடை பழகிய பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. ஜப்பான் 1997-இல் தன் குழந்தை நலச் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரத்துக்குப் பிந்திய பராமரிப்பை அதிலே சேர்த்தது. ஜெர்மனி 2021-இல் இயற்றிய சட்டம், 2026-27 பள்ளியாண்டு முதல், வகுப்பு வகுப்பாக, தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு முழுநாள் பராமரிப்பை உரிமையாகவே வழங்குகிறது. உரிமை என்ற சொல்லைத் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அதன் விலை என்ன என்பதை நாம் பட்டுத்தான் அறிந்தோம்.

நடந்ததைச் சொல்கிறோம். அந்தச் சிறுமியின் கதை தெரிந்தபின், மாலையில் வகுப்பறையைப் பூட்டாமல் நாமே இருந்தோம். முதலில் ஆறு பிள்ளைகள், பிறகு பதினொன்று. அக்காளும் அங்கன்வாடியிலிருந்து தம்பியை இங்கேயே கொண்டுவந்தாள். பாடம் நடத்தவில்லை. சிலர் கதைப் புத்தகம் படித்தனர், சிலர் பல்லாங்குழி ஆடினர், தம்பி பெஞ்சில் தூங்கினான். நமக்கும் பெருமையாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்? மூன்றாம் மாதம் நமக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுக்கை. பதினொரு பிள்ளைகளும் முதல் நாள் மாலை பூட்டிய கதவின் முன் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தனவாம். நம் கருணைக்குக் காய்ச்சல் வந்ததும், அவர்களுடைய மாலைப் பொழுது மறுபடி தெருவுக்குப் போயிற்று. அன்றே விளங்கிற்று, அவர்கள் கையில் நாம் வைத்தது உரிமையன்று, இரவல் என்பது.

இன்னொரு சிக்கலையும் மறைக்க மாட்டோம். காப்பகம் வந்தால் அங்கே பணியாற்றுபவரும் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார். 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்த தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அவர்கள் செய்த வேலை பெரிது, ரூபாய் சிறிது. ஒரு பெண்ணின் சுமையை இறக்க இன்னொரு பெண்ணைச் சொற்பக் கூலியில் குனிய வைப்பது விடுதலையாகுமா? ஆகாது. பராமரிப்பு வேலை என்றால் வேலைக்குரிய ஊதியம் வேண்டும். 'தொண்டு' என்று பெயர் வைத்தால் ஊதியத்தைக் குறைக்கலாம் என்ற தந்திரம் நம் நாட்டிலே மிகப் பழையது.

"இதெல்லாம் எதற்கு? ஒன்றரை ஷிப்டை ஒழியுங்கள், பெற்றோர் ஆறு மணிக்கு வீடு வருவர்" என்றார் நண்பர் ஒருவர், தொழிற்சங்கத்தவர். மறுக்கவில்லை. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடி நூறாண்டு கடந்தும், எட்டு மணி வேலை என்பதைக் கோரிக்கையாகவே வைத்திருக்கிறோம். அந்தப் போராட்டம் வெல்லட்டும். ஆனால் அது வெல்லும் நாளுக்குள் இந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு இருபது வயதாகிவிடும். எட்டு மணி வேலையே வந்தாலும், நாலுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

சென்ற மாதம் பள்ளி மேலாண்மைக் குழுவில், மாலை ஆறரை வரை ஓர் அறையும், ஊதியம் பெறும் ஒரு பணியாளரும் வேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைத்தோம். கூட்டம் வேலை நாளில், பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த அறை யாருக்கு வேண்டுமோ அந்தத் தாய்மாரில் ஒருவரும் வர இயலவில்லை. "கேட்பவர் யாருமில்லையே, சார்?" என்றார் உறுப்பினர் ஒருவர். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை சாவியின் ஒரு படியைச் சிறுமியிடமும் கொடுத்து வைத்திருக்கிறோம். அவள் கழுத்துக் கயிற்றில் இப்போது இரண்டு சாவிகள்.