வெறுஞ்சுவரும் வீட்டலங்காரமும்

சிலமலையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுச் சென்ற ஆண்டு போடிநாயக்கனூரில் ஒரு மாடிக் குடியிருப்பில் வாடகைக்குக் குடிபுகுந்தனர். கணவர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுபவர். மனைவி வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறார். நாம் அவர்களைக் காணச் சென்றபோது கூடத்தில் ஒரு கோரைப்பாயும், மேலே ஒரு மின்விசிறியும் தவிர வேறொன்றும் இல்லை. சகோதரி கதவோரம் நின்றுகொண்டு, "உட்காரச் சொல்ல ஒரு நாற்காலிகூட இல்லைங்க அண்ணே" என்றார்.

பத்து நாளில் மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். தவணைக்குக் கொடுக்கும் கடையொன்றில் சோபா பார்த்து வைத்திருக்கிறார்கள். விலை 28,000 ரூபாய். கையிலிருப்பது நாலாயிரம். "வாங்கலாமா, கூடாதா? மார்க்கம் தெரிஞ்சவங்க நீங்க, சொல்லுங்க" என்றார். நம்மை அப்படிச் சொன்னது அவருடைய அன்பேயன்றி வேறில்லை.

வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று கூறும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் வசனம் நம் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆயினும் அதனைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அதே வீட்டு வாசலில் கணவருடைய மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அதுவும் தவணையில் வந்ததுதான். அதை வாங்கிய நாளில் எவரும் மார்க்கம் கேட்கவில்லை. பெண்கள் ஒரு திரைச்சீலைக்கு ஆசைப்பட்டால் மட்டும் நமக்கு வசனங்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றனவே, அது ஏன்?

அழகை விரும்புவது குற்றமன்று. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தை ஹராமாக்கியவர் யார் என்று அஃராப் அத்தியாயம் கேட்கிறது. அதற்கு முந்திய வசனத்திலேயே உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கட்டளையும் இருக்கிறது. நல்ல உடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை நேசிக்கிறான் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் கூறினார்கள். அவ்வளவு ஏன், அல்ஙாஷியா அத்தியாயத்தில் சொர்க்கத்தைப் பற்றி வரும் வசனங்களைப் பாருங்கள். உயர்ந்த கட்டில்கள், எடுத்து வைக்கப்பட்ட கிண்ணங்கள், வரிசையாய் அடுக்கிய திண்டுகள், விரிக்கப்பட்ட கம்பளங்கள்! நன்கு அமைந்த ஒரு கூடத்தின் வருணனையன்றோ அது!

அப்படியானால் எல்லை எங்கே இருக்கிறது? ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஒரு செய்தி இதில் நமக்கு வழி காட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலில் ஓர் அழகிய துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெருமானாரின் முகம் மாறிற்று. அதை இழுத்து அகற்றிவிட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்றார்கள். அன்னையார் அத்துணியை வெட்டி, ஈச்சநார் அடைத்து, இரண்டு தலையணைகள் செய்தார்கள். அதை நபியவர்கள் குறை கூறவில்லை.

துணி ஒன்றுதான். சுவரில் தொங்கியபோது பிடிக்கவில்லை, தலைக்கு வைத்தபோது மறுக்கவில்லை. இங்கு ஹராம் என்ற சொல் இல்லை என்பதை இமாம் நவவீ எடுத்துக் காட்டுகிறார்கள். ஆகவே சுவரில் துணி மாட்டியவரைப் பாவி என்று நாம் சொல்லிவிடலாகாது. ஆனால் ஒரு பொருள் மனிதனுக்காக இருக்கிறதா, சுவருக்காக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க இச்செய்தி நமக்குக் கற்றுத் தருகிறது.

இந்தக் கேள்வியைச் சோபாவிடமும் கேட்டோம். விருந்தாளி உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பது நியாயமே. படுக்கைகளைப் பற்றிய ஹதீஸிலும், கணவனுக்கும் மனைவிக்கும் அடுத்து மூன்றாவது விருந்தாளிக்குரியது என்றும், நான்காவதே ஷைத்தானுக்குரியது என்றும் வருகிறது. ஆனால் 28,000 ரூபாய்ச் சோபா விருந்தாளியை உட்காரவைக்க மட்டும் வாங்கப்படவில்லை. நாம் இப்படிப்பட்டவர்கள் என்று அவர்கள் நம்புவதற்காகவும் வாங்கப்படுகிறது. தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவன் பொய்யாடை இரண்டை அணிந்தவன் போன்றவன் என்ற நபிமொழி இந்த இடத்தில்தான் உறுத்துகிறது.

தவணை விஷயத்தையும் விசாரித்தோம். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று பேசி, இரண்டில் ஒன்றை முடிவு செய்து வியாபாரியிடமே வாங்குவதை மார்க்க அறிஞர்கள் பலர் கூடும் என்றே சொல்லியிருக்கிறார்கள். இங்கு நடப்பது அதுவன்று. ஒரு நிதி நிறுவனம் கடைக்காரருக்குப் பணம் கட்டிவிட்டு, கூடுதலாக நம்மிடம் வாங்குகிறது. தவணை தவறினால் அபராதம் வேறு. பெயர் எதுவாயினும் அது வட்டிதான். இந்தத் தொழிலின் வருமானத்தை நம்பித் தவணை கட்டுவதும் எளிதன்று. 2019இல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதை மறந்தவர் போடியில் எவரும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு சகோதரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வெறும் கூடத்தைப் பார்த்துட்டு அவங்க திரும்பிப் போயிட்டா, என் பிள்ளைக்கு யாருங்க பதில் சொல்றது?"

நம்மிடம் பதில் இல்லை. வறுமையைக் கண்டு பெண்ணை ஒதுக்கும் சமுதாயத்தை வைத்துக்கொண்டு, ஏழைத் தாய்க்கு எளிமையை உபதேசிப்பது நமக்கே கூச்சமாக இருந்தது. அதுவரை பேசாதிருந்த கணவர்தான் சொன்னார்: "சோபாவைப் பார்த்தா, இன்னும் பத்துப் பவுன் சேர்த்துக் கேட்பாங்க." சகோதரி சிரித்துவிட்டார்.

பிறகு நாலாயிரத்தில் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்று. சுவர்களுக்குச் சுண்ணாம்பு. உட்கார ஒரு பவானி ஜமுக்காளம். பத்தமடைப் பாயைப் பற்றியும் பேச்சு வந்தது. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்துக் கிழித்து நெய்யும் அந்தக் கைகள் பெரும்பாலும் நம் முஸ்லிம் பெண்களின் கைகளே. மணமக்கள் பெயரும் திருமண நாளும் சேர்த்து நெய்து கொடுக்கிறார்கள். பட்டுப்பாய் நம் கணக்குக்கு எட்டாது. சாதாரணப் பாய் ஒன்று எட்டும். உருவங்கள் எதுவுமின்றி, கோடுகளும் கட்டங்களுமாகவே அத்தனை அழகு!

மேற்குச் சுவரை மட்டும் வெறுமையாக விட்டுவிடச் சொன்னோம். வீட்டார் தொழுவது அதை நோக்கித்தான். பக்கத்துச் சன்னலைத் திறந்தால் ஏலமலை முழுவதும் தெரிகிறது.

திரைச்சீலைக்கு ஒரு பழைய சேலையை எடுத்துக்கொண்டு வந்தார் சகோதரி. கரை நெடுக மயில்கள். இதைத் தொங்கவிடலாமா என்றார். திண்டுகளுக்கு உறையாகத் தைத்துவிடுங்கள் என்றோம்.