பணிவும் கெடுவும்

அலுவலக மின்னஞ்சல்களில் எழுதி எழுதித் தேய்ந்துபோன வரி ஒன்று உண்டு: ‘தங்கள் மேலான பதிலை விரைவில் எதிர்பார்க்கிறேன்.’ எழுதுபவர் யோசிக்காமல் எழுதுகிறார், படிப்பவர் பார்க்காமல் தாண்டிப் போகிறார். பதில் சொல்ல வேண்டியவர் மேசையில் ஏற்கெனவே ஒரு கட்டுக் கடிதம் கிடக்கிறது. அதையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு இதை முதலில் எடுங்கள் என்று கேட்க ஒருவருக்கு என்ன உரிமை? பணிவாகக் கேட்டுவிட்டால் அந்த உரிமை வந்துவிடுமா?

கள்ளக்குறிச்சிக் கரும்பு விவசாயிக்கு இந்தச் சிக்கல் பழகியது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பைப் பதிவு செய்தவர், நடவுத் தேதி வரிசைப்படி வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். ‘கட்டிங் ஆர்டர்’ தள்ளிப்போனால் கரும்பு முற்றிக் காய்கிறது, எடை குறைகிறது, சர்க்கரைச் சத்து இறங்குகிறது. அதனால் ஆலைக்குப் போய், ‘நம்ம காட்டைக் கொஞ்சம் முன்னாடி பாத்து விடுங்க சார்’ என்று கேட்பது இயல்புதான். கேட்பவர் கைகட்டித்தான் கேட்கிறார். ஆனால் ஆலை ஒரு நாளைக்கு அரைப்பது ஓர் அளவுதான். இவருக்கு முன்கூட்டி உத்தரவு கிடைத்தால், வரிசையில் முன்னால் இருந்த எவரோ ஒருவருடைய கரும்பு இன்னும் சில நாள் வெயிலில் நிற்கும். அந்த எவரோ அப்போது ஆலை அலுவலகத்தில் இல்லை. அவருடைய கரும்பைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

விரைவு கேட்டு எழுதும் கடிதம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு மூன்றாமவர் இருக்கிறார். மேலான, தாழ்மையுடன், அன்புகூர்ந்து என்ற சொற்களெல்லாம் பெறுநரைக் குளிர்விக்கின்றன. காத்திருக்கும் மூன்றாமவருக்கு அவற்றால் பயனில்லை. அவரை மதிக்க ஒரே வழி, அவசரத்துக்கு உண்மையான காரணம் இருப்பது. கரும்புக் காட்டில் தீப்பிடித்துவிட்டால் எரிந்த கரும்பை உடனே ஆலைக்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். அதற்கு வழிவிட்டு நிற்க வரிசையில் இருப்பவரே சம்மதிப்பார். எரியாத கரும்பை எரிந்ததாகச் சொல்லி முந்துபவரை எந்த ஊரும் மன்னிக்காது. அலுவலகங்களில் மட்டும் அது வழக்கமாகிவிட்டது. அடுத்த வாரம் தேவைப்படும் தகவலை ‘நாளைக்குள் வேண்டும்’ என்று கேட்பதும், எல்லா மின்னஞ்சலின் தலைப்பிலும் ‘மிக அவசரம்’ என்று போடுவதும் சாமர்த்தியமாகக் கருதப்படுகின்றன. அவை பொய்கள். பொய்க்கெடு வைப்பவர், மெய்யாகவே அவசரமாக இருக்கும் ஒருவரின் இடத்தைத் திருடுகிறார்.

அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் எழுதக்கூடிய கடிதம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். மலையாளிப் பழங்குடி மாணவி ஒருத்திக்குக் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழ் தேவை. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். ‘மாணவியின் எதிர்காலம் கருதிக் கருணையுடன் விரைந்து ஆவன செய்ய மன்றாடுகிறேன்’ என்று எழுதலாம். அல்லது, கலந்தாய்வு எந்தத் தேதியில் என்று சொல்லி, அதற்கு இரண்டு நாள் முன்னதாகச் சான்று கிடைத்தால் போதும் என்றும், தந்தையின் சான்றும் விண்ணப்ப எண்ணும் இணைத்திருப்பதாகவும், ஏதும் குறை இருந்தால் தெரிவித்தால் மறுநாளே அனுப்புவதாகவும் எழுதலாம். முதல் கடிதத்தில் பணிவு வழிகிறது. ஆனால் படிப்பவர் தேதியைத் தேட வேண்டும், கோப்பைத் தேட வேண்டும். இரண்டாவது கடிதம் அவருடைய வேலையில் பாதியைக் குறைக்கிறது. மறுக்கவோ வேறு தேதி சொல்லவோ இடமும் விடுகிறது. மரியாதை மிகுந்தது இரண்டாவதுதான்.

மன்றாடலுக்கு அந்த மலையில் ஒரு வரலாறும் இருக்கிறது. 1976 வரை கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. உரிமை என்று கேட்க எதுவும் இல்லாத இடத்தில் குனிவது ஒன்றே வழி. இன்று நிலைமை வேறு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பதிலுக்கு 30 நாள் கெடு வைத்திருக்கிறது. உயிர், சுதந்திரம் பற்றிய தகவலென்றால் 48 மணி நேரம். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம். கரும்புக்கே வந்தால், 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் 15 சதவீத வட்டி. சட்டமே கெடு வைத்துவிட்ட இடத்தில் கேட்பவர் இரவலர் அல்லர். ஆனாலும் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதியவரைப் பார்த்து ‘சட்டம் பேசுறான்’ என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. தேதியைச் சுட்டிக்காட்டுவது மரியாதைக்குறைவு என்று யார் சொன்னது?

மேலிருந்து கீழே வரும் அவசரம் இன்னொரு வகை. ‘இன்று மாலை 5 மணிக்குள் அறிக்கை அனுப்புக’ என்று மாவட்ட அலுவலகம் ஒன்றிலிருந்து பகல் மூன்று மணிக்கு மின்னஞ்சல் போகிறது. மலையில் பல ஊர்களில் செல்பேசி சிக்னல் சரியாகக் கிடைக்காது. பெறுபவர் அதைப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் அவர் பெயரில் விளக்கம் கேட்கும் குறிப்பாணை வருகிறது. பார்த்துவிட்டாலும், கையிலிருந்த விதவை உதவித்தொகை விண்ணப்பத்தை வைத்துவிட்டு அறிக்கைப் படிவத்தை நிரப்ப உட்காருவார். பணிவு தேவைப்படாத நாற்காலியில் இருப்பவருக்குத்தான் பணிவு அதிகம் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். சக ஊழியருக்கு எழுதும் முதல் நினைவூட்டிலேயே ‘நகல்: மாவட்ட ஆட்சியர்’ என்று போடுவதும் இதே வகைதான். கடிதத்தில் ‘அன்புடன்’ என்றிருந்தாலும் அது மிரட்டல். மலையடிவாரத்திலிருந்து வரும் மனுதாரர் நான்கு பேருக்கு நகல் போட்டால் அப்படிச் சொல்ல முடியாது. அவரிடம் வேறு பலமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். பணிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏழை காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானே? நியாயமான மறுப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். சாலை, மருத்துவம், பள்ளி என்ற கோரிக்கைகள் அதற்கு முன்பே இருந்தவை. நீதிமன்றம் கேட்டால் நாள் குறித்துக் கேட்கிறது, அரசும் அறிக்கையோடு வந்து நிற்கிறது. அதே கேள்வியை மலைவாசி கேட்டபோது நாள் குறிக்க அவரால் முடியவில்லை. ஆகவே, சொன்ன கெடு கடந்த பிறகும் அதே குழைவோடு மறுபடி மறுபடி எழுதுவதைப் பணிவு என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, பதில் வரவில்லை என்று எழுதி, மேல்முறையீட்டுக்குப் போவதே சரி. அதில் வசைச்சொல் எதுவும் வேண்டாம், தேதியே போதும்.

பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் பதிலை உடனே தர முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது என்றும் எந்தத் தேதிக்குள் பதில் தருவீர்கள் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். விவரம் கேட்க வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறி வருபவருக்கு ஒரு நாள் கூலியாவது மிச்சமாகும்.