சாபம் யாருடையது?

நம் சாலாக் செலாத்தான் வாலிபர்களும் கன்னியரும் விரும்பிப் படிக்கும் கதைகளுள் மாயக் காதல் கதைகளும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத காதலன், சாபத்தால் உருமாறிய காதலி என்று அவை விரிந்து செல்லும். 'வீண் கற்பனை' என்று பெரியோர் சிலர் அவற்றை ஒதுக்குகின்றனர். ஆயினும் அவற்றினுள்ளே ஓர் அறக்கேள்வி மறைந்திருக்கிறது. அதனைச் சற்றே சிந்திப்போம்.

பினாங்கில் பிறந்த கலைஞர் பி. ரம்லி, 1958-ஆம் ஆண்டில் 'சும்பா ஓராங் மின்யாக்' எனும் மலாய்ப் படத்தை இயக்கி, தாமே அதன் நாயகனாகவும் நடித்தார். நாயகன் ஒரு கூனன்; பத்திக் துணிக் கலையில் கைத்திறன் மிக்கவன். ஊரார் அவனுடைய திறனைக் காணவில்லை. கூனை மட்டுமே கண்டு நகைத்தனர். மறைவுலகத்தார் அவனுக்கு அழகிய உருவை அளித்து, ஒரு சத்தியமும் வாங்குகின்றனர். அதனை மீறியதால் மனிதர் கண்ணுக்கே தெரியாதவனாகிறான். மீண்டும் உருப்பெறும் ஆசையால் ஷைத்தானுக்கு உடன்பட்டு, பெண்களின் மானத்தைச் சூறையாடும் 'எண்ணெய் மனிதன்' ஆகிறான். மலாய் மொழியில் 'சும்பா' எனும் ஒரே சொல் சத்தியத்தையும் சாபத்தையும் குறிக்கும் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலும் ஓர் இடையன் கதை வருகிறது. மாய மோதிரத்தால் மறையும் வல்லமை பெற்ற அவன், அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைக் கவர்ந்தான். பிறர் காணாதபோது மனிதன் நல்லவனாக இருப்பானா என்பது அங்கே எழும் வினா.

கூனன் கதை எழுப்பும் வினா வேறு. இடையனுக்கு மறைவு வரமாக வந்தது; கூனனுக்கோ தண்டனையாக வந்தது. மந்திரம் தீண்டுமுன்பே ஊரார் அவனை மனிதனாகக் காணாது விட்டனரே! அப்படியானால் முதற் சாபம் யாருடையது?

இதனால் அவன் குற்றம் குறைந்துவிடுமா? குறையாது. இகழப்பட்டவன் என்பதற்காக, ஒரு பாவமும் அறியாத பெண்களுக்குத் தீங்கிழைக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. காணப்படாதவன், பிறரை மனிதராகக் காணாதவனாக மாறினான் என்பதே கொடுமை. எனினும், அவன் செய்த பாவம் ஊரார் செய்த பிழையைக் கழுவிவிடாது.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்வோமாக. அன்றாடம் தேநீர் அருந்தும் கடையில் நம் மேசையைத் துடைத்துச் செல்லும் தொழிலாளியின் பெயர் என்ன? எந்த ஊரை விட்டு வந்தவர்? நம்மில் பலருக்குத் தெரியாது. அவரை மறைத்தது மந்திரவாதி அல்லன், நமது பாராமுகமே. அச்சாபத்தை நீக்க மோதிரமும் வேண்டா, மந்திரமும் வேண்டா. நாளைக் காலையில் அவர் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி நலம் விசாரித்தாலே போதும்.