நான் கொடுத்த நம்பர்

ஒரு நடிகரின் ரசிகர்களுக்காக டெலிகிராமில் ஒரு குழு வைத்திருந்தோம். கிள்ளான், ஈப்போ, ஜொகூர் என்று எல்லாப் பக்கமும் ஆட்கள். நான்தான் அட்மின். முதல் நாள் ஷோவுக்கு எத்தனை டிக்கெட் என்பதில் தொடங்கி, யார் வீட்டில் சண்டை என்பது வரைக்கும் பேசுவோம். நல்ல குழுதான், பொய் சொல்லக்கூடாது.

அதில் ஓர் அண்ணன் சேர்ந்தார். பழைய பேட்டிகளையெல்லாம் தேடி எடுத்துப் போடுவார். எல்லாருக்கும் அவரைப் பிடித்துப் போனது. பிறகு குழுவில் இருந்த ஒரு தங்கச்சிக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். பதில் வராவிட்டால் இருபது, முப்பது என்று வந்துகொண்டே இருக்கும். அவள் பிளாக் செய்துவிட்டாள். அன்று ராத்திரி 2 மணிக்கு என்னிடம் வந்தார். "ஒரே ஒரு தடவை மன்னிப்பு கேட்கணும் தம்பி, அவ போன் நம்பர் குடு. இல்லாட்டி நான் என்ன பண்ணிக்குவேன்னு எனக்கே தெரியாது."

கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வேறு வேறு நம்பர்களில் இருந்து அவளுக்கு அழைப்பு. ஒரு சனிக்கிழமை, அவள் பகுதிநேரமாக வேலை செய்யும் கடைக்கு வெளியே வந்து நின்றிருக்கிறார். அவளுடைய அப்பா பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் செய்தார். அவள் என்னைத் திட்டவில்லை. "ஏன்ணா கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். "பாவமா இருந்துச்சு" என்றேன். "என்னைப் பார்த்தா பாவமா இல்லையா?" என்றாள்.

அன்று நான் செய்ததைக் கருணை என்றுதான் நினைத்திருந்தேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டிருந்தால், நான் கொடுப்பது என் தூக்கம். அந்த நம்பர் என்னுடையது இல்லையே. அடுத்தவர் பணத்தை எடுத்துத் தானம் செய்தால் அதற்குப் பெயர் தானமா?

பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் நான்கு மனநிலைகள் வருகின்றன. துன்பப்படுபவரிடம் கருணை வேண்டும், தவறு செய்பவரிடம் உபேட்சை, அதாவது ஒதுங்கி நிற்பது வேண்டும் என்கிறது. எனக்குச் சிக்கல் இங்கேதான். ராத்திரி 2 மணிக்கு வந்தவர் இரண்டுமாக இருந்தாரே! யோசித்துப் பார்த்தால், ஒருவரை வெறுக்காமலேயே அவருக்குக் கதவைத் திறக்காமல் இருக்கலாம். இது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

சரி, அவர் உண்மையிலேயே ஏதாவது செய்துகொண்டிருந்தால்? அந்தப் பயம் நியாயமானது. அப்படிப்பட்ட பேச்சை விளையாட்டாக எடுக்கக்கூடாது. ஆனால் அதற்குப் பதில் ஒரு பெண்ணின் நம்பர் இல்லை. பிஃரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆபத்து என்றால் 999. இருபது வயதில் நான் டாக்டர் இல்லை லா.

பிறகு குழுவில் அவரை 'மெண்டல்' என்று கிண்டல் செய்தார்கள். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் மாமா மகன் யாருக்கும் ஒரு தொல்லை கொடுத்ததில்லை. நோயைப் பார்க்காதீர்கள், நடத்தையைப் பாருங்கள். வேண்டாம் என்ற பிறகும் தொடர்கிறாரா, பிளாக் செய்தால் புது அக்கவுண்டில் வருகிறாரா, தன் உயிரைக் காட்டி உங்களிடம் காரியம் சாதிக்கப் பார்க்கிறாரா? அப்படியென்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டெலிகிராமில் அனுப்பியவர் இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும். நம் நாட்டில் 31 மே 2023 முதல், ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பயமுறுத்துவது தண்டனைச் சட்டம் 507ஏ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

குழு இன்னும் இருக்கிறது. பள்ளி பேட்ஜ், வீட்டு வாசல் தெரிகிற படம் யார் போட்டாலும் நான் எடுத்துவிடுவேன். அந்தத் தங்கச்சி திரும்ப வரவில்லை. போன மாதம் ஒரு புது அக்கவுண்ட் சேர அனுமதி கேட்டது. புரொஃபைல் படத்தில், அவர் எப்போதோ போட்ட அதே பழைய பேட்டியின் படம். பாவமாகத்தான் இருந்தது. அனுமதி கொடுக்கவில்லை.