எதிர்பார்ப்பும் ஆயத்தமும்

எதையேனும் எதிர்பாராத மனிதன் இல்லை. வளைகுடா சென்ற கணவரின் அழைப்பை மனைவியும், தேர்வின் முடிவை மாணவனும், மகளுக்கு நல்ல வரனைத் தந்தையும், பேரனின் வருகையைப் பாட்டியும் எதிர்பார்த்திருக்கின்றனர். எதிர்பார்ப்பு வற்றிய உள்ளம் உழவு காணாத நிலம் போன்றது. ஆயினும் நம் இல்லங்களில் எழும் மனக்கசப்புகளைத் துருவிப் பார்த்தால், பலவற்றின் வேரிலும் இதே எதிர்பார்ப்பு நிற்கக் காண்கிறோம். வாழ்வுக்குச் சுவையூட்டும் ஒன்றே அதனைக் கசக்கவும் செய்வது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை காணப் புகைப்படக் கலை நமக்கு உதவுகிறது. நிழற்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டினுள் நாம் இங்கே புகவில்லை. அக்கலையில் எதிர்பார்ப்பு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதையே நோக்குகிறோம்.

1932 ஆம் ஆண்டில், பாரிஸ் நகரின் சேன் லஸார் ரயில் நிலையத்திற்குப் பின்னால் இருந்த பலகை வேலியின் இடுக்கு வழியே ஒரு படத்தை எடுத்தார் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன். தேங்கி நிற்கும் நீரைத் தாண்டிக் குதிக்கின்றான் ஒருவன். அவனுடைய குதிகால் நீரைத் தொட இமைப்பொழுதே எஞ்சியிருக்கிறது. அவ்விமைப்பொழுதைப் படைத்தவர் கலைஞர் அல்லர். இடமறிந்து நின்றதும், கண்ணையும் கையையும் விழிப்போடு வைத்திருந்ததுமே அவர் பங்கு. காட்சி அவருக்குக் கொடுக்கப்பட்டது; அதனைப் பெறும் ஆயத்தம் அவரிடம் இருந்தது.

படம் எடுத்த பின்னரும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. ஒளிபட்ட தாளில் கண்ணுக்கு ஏதும் தெரியாத நிலையிலும் படம் மறைந்திருக்கக்கூடும் என்பதையும், உரிய இரசாயனத்தால் அது வெளிப்படும் என்பதையும் 1840 செப்டம்பரில் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் கண்டறிந்தார். படச்சுருள் காலம் முழுவதும் இவ்வுண்மையின் மீதே நடந்தது. சுருள் கழுவப்படும் வரை, உள்ளே பதிந்தது என்னவென்று எடுத்தவரும் அறியார். கவலைப்படுவதால் அதில் ஒரு கோடும் திருந்தாது. பொறுமையிழந்து வெளிச்சத்தில் திறந்து பார்த்தாலோ உள்ளதும் அழிந்துபோகும்.

ஆகவே செயலுக்கு முன் ஆயத்தம் வேண்டும்; செயலுக்குப் பின் பொறுமை வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை அறியாதார் நம்மில் யார்? கட்டுவது முயற்சி, அதன் பின் வருவது தவக்குல். ரமலான் 29 ஆம் நாள் மாலையில் மொட்டைமாடியில் ஏறி மேல்வானத்தை நோக்கும் குடும்பமும் இப்பாடத்தையே பயில்கிறது. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள்; தெரியாவிட்டால் முப்பதைப் பூர்த்தி செய்கிறோம். பிறை பார்த்தவரோடு பிணங்குவோர் உண்டு. பிறையோடு பிணங்குவோர் இல்லை.

மனிதரிடத்தில் மட்டும் நாம் இப்பண்பை மறந்துவிடுகிறோம். தொடக்க காலப் படக்கூடங்களில் படம் பதிய நெடுநேரம் ஆயிற்று. அமர்ந்திருப்பவர் தலை அசைந்தால் உருவம் மங்கிவிடும் என்பதால், பின்புறமிருந்து ஓர் இரும்புக் கவ்வியைப் பொருத்தி வைப்பர். படத்தில் கவ்வி தெரியாது. முகத்தின் இறுக்கம் தெரியும். மகன் இன்னவனாகவே வரவேண்டும், மருமகள் இவ்வாறே இருக்கவேண்டும் என்று நாம் உள்ளத்தில் முன்கூட்டியே ஒரு படத்தை வரைந்து, அதற்கேற்ப அவர்களை அசையாது இருத்துவதும் இத்தகைய கவ்வியே. படம் தெளிவாக அமையலாம். அதில் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

அவ்வாறாயின் எவரிடமும் எதையும் எதிர்பார்க்கலாகாதா? அங்ஙனமன்று. கொடுத்த வாக்கையும், வாங்கிய கடனையும், பேசிய மஹரையும் எதிர்பார்ப்பது உரிமை. பிள்ளையிடம் உண்மையையும் ஒழுக்கத்தையும் எதிர்பாராத பெற்றோர் தம் கடமையில் தவறியவராவர். கடமையை எதிர்பார்ப்பது வேறு. நாம் வரைந்த உருவத்தை எதிர்பார்ப்பது வேறு. முன்னதனை இறைவன் அவர்கள்மீது விதித்தான். பின்னதனை விதித்தது நம் ஆசையன்றோ?

1943 இல் அமெரிக்க அறிவியலாளர் எட்வின் லேண்டிடம் அவருடைய மூன்று வயது மகள், எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியவில்லை என்று கேட்டாள். அக்கேள்வியிலிருந்து பிறந்த போலராய்டு காமிரா 1948 இல் விற்பனைக்கு வந்தது. இன்று கைப்பேசி அந்தச் சிறு காத்திருப்பையும் போக்கிவிட்டது. பிறந்த குழந்தையின் முகத்தைக் கடல் கடந்த தந்தை அதே மணியில் காண்பது பெரும் பேறே. ஆயினும் பிடிக்காத படத்தை அழித்து மறுபடி எடுத்துப் பழகிய விரல், மனிதரிடத்தும் அவ்விரைவை நாடுகிறது. ஒரு பிள்ளையின் குணமும், ஒரு தம்பதியின் நம்பிக்கையும் அவ்விரைவில் உருவாவதில்லை. டால்பாட்டின் தாளில் போல, அவை நெடுநாள் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கின்றன.

எதிர்பார்ப்பை நாம் துறக்க வேண்டியதில்லை. அதன் பளுவைப் பிறர் தோளிலிருந்து இறக்கி நம் தோளில் ஏற்றிக்கொண்டால் போதும். பிறர் எப்படி வந்து நிற்கவேண்டும் என்று கணக்கிடும் நேரத்தில், வருகின்றவரை ஏற்க நம் உள்ளம் ஆயத்தமாக உள்ளதா என்று பார்த்துக்கொள்வோமாக. எஞ்சியதை அறிந்தவன் இறைவன்.