விசாரிக்க ஆளில்லாத துக்கம்

எழுத்தாளர் ஒருவர் காலமானால் இரங்கல் கூட்டத்தில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுவார்: அவருக்கு ஏது சாவு, எழுத்தில் வாழ்ந்துகொண்டுதானே இருக்கிறார் என்று. 2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா போனபோதும் இதைத்தான் சொன்னார்கள். எனக்கு அது அன்றைக்கும் ஒப்பவில்லை, இன்றைக்கும் ஒப்பவில்லை.

வாசகனின் துக்கம் ஒரு விநோதமான துக்கம். முறை கிடையாது, தீட்டு கிடையாது, ஆபீசில் லீவு கேட்க முடியாது. கேட்டால், "உங்களுக்குச் சொந்தமா?" என்பார்கள். என்ன பதில் சொல்வது? அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. எனக்கோ ஸ்ரீரங்கத்தில் அவர் வளர்ந்த கீழச்சித்திரை வீதி தெரியும், பாட்டியைத் தெரியும், ரங்கு கடையில் யார் யார் உட்கார்ந்து வம்பளப்பார்கள் என்று தெரியும். என் சொந்தச் சித்தப்பாவைப் பற்றி இவ்வளவு தெரியாது. ஒருவழிப் பழக்கம்தான். ஆனால் அவர் போன அன்று சாப்பாடு இறங்கவில்லை என்பதும் உண்மைதானே.

எண்பதுகளில் எங்கள் வீட்டில் விகடன் வந்ததும் முதலில் யார் கையில் போகும் என்று ஒரு வரிசை இருந்தது. 'என் இனிய இயந்திரா' வந்த நாட்களில் அந்த வரிசை கலைந்தது. படித்து முடித்ததும் அம்மா தொடரின் பக்கங்களை மட்டும் பின்னைக் கழற்றிப் பிரித்தெடுத்து, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்துவைப்பாள். ஒரு பக்கத்தின் பின்புறம் பாதி சமையல் குறிப்பு, இன்னொன்றில் சினிமா விமர்சனத்தின் வால். ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்து எதிர்க் கேள்வி கேட்கும் இடங்களில் மட்டும் தாள் அழுக்கேறிக் கறுத்திருக்கும். அவ்வளவு விரல்கள் பட்டிருந்தன.

அந்தக் கதை 2021-ல் நடந்தது. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று அதில் ஒரு சட்டம். நிஜமான 2021 வந்தபோது நாம் முகக்கவசத்தோடு, தடுப்பூசிச் சான்றிதழைச் செல்போனில் காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தோம். அந்த வருஷம்தான் அவர் இல்லாதது எனக்கு முழுசாக உறைத்தது. எழுதியதெல்லாம் அலமாரியில் இருக்கிறது, சரி. இதைப் பற்றி அவர் என்ன எழுதியிருப்பார் என்பது எந்த அலமாரியில் இருக்கிறது? கம்ப்யூட்டரை நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தமிழில் சொன்னவர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்குவதில் முன்னின்றவர். புதிதாக ஒன்று வந்தால் முதலில் அவர் வாயால் கேட்டுவிட்டுத்தான் நம்புவது என்று பழகிப்போன தலைமுறை நாங்கள். அடுத்த வாரம் என்பது இல்லாமல் போனதற்கு, பழைய வாரங்களைக் காட்டி ஆறுதல் சொன்னால் எப்படி?

குறைகள் இல்லாமல் இல்லை. நாவல்கள் பல, பாதிவரை நான்கு கால் பாய்ச்சலில் ஓடிக் கடைசி இரண்டு அத்தியாயத்தில் மூச்சு வாங்கும். பெண்கள் கதைக்குள் நுழைந்ததும் உடம்பு வர்ணனை தொடங்கிவிடும். துப்பறியும் கதைகளில் வரும் ஜூனியர் வக்கீல் வசந்த் பேசுகிறான் என்று தப்பித்துக்கொள்வார், ஆசிரியரும் சேர்ந்துதான் பேசுகிறார் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இறந்துவிட்டார் என்பதற்காக இதையெல்லாம் வாபஸ் வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுபது வயதில் எழுதியபோதுகூட, பேப்பரில் காலமானவர்கள் பத்தியைப் பார்த்து ஆளின் வயதைத் தன் வயதோடு ஒப்பிட்டுக்கொள்வதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டவர் அவர். சிலை வைத்தால் முதலில் கிண்டலடிக்கிறவரும் அவராகத்தான் இருந்திருப்பார்.

இத்தனைக்கும் மேலே 'நகரம்' என்று ஒரு சின்னக் கதை நிற்கிறது. காய்ச்சல்கார மகளைத் தூக்கிக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வரும் வள்ளியம்மாள். கையில் சீட்டு இருக்கிறது; எங்கே கொடுக்க வேண்டும் என்று படிக்கத் தெரியவில்லை. பெரிய டாக்டர் அட்மிட் செய்யச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சொல்லுக்கும் ஒரு கட்டிலுக்கும் நடுவே எத்தனை ஜன்னல்கள், எத்தனை க்யூ! யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. நாளைக்கு வா என்கிறார்கள். அவள் ஊருக்கே திரும்பிவிடுகிறாள். அதைப் படித்த பிறகு, எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. கூட்டிக்கொண்டுபோய் உரிய ஜன்னலில் விட்டுவிட்டு வருவேன். என் அவசரத்தில் எரிச்சல்பட்டுக்கொண்டேதான் செய்வேன். பெரிய காரியமில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் எனக்குச் செய்ததை முகம் தெரியாத இன்னொருவருக்குத்தானே கொடுக்கமுடியும்? அவரிடமே திருப்பிக் கொடுக்க வழியில்லை.

ஒரு பாக்கி மட்டும் அவர் பக்கம் இருக்கிறது. வசந்த் எந்நேரமும் ஆரம்பித்து, அவன் சீனியர் கணேஷ் ஒருபோதும் முடிக்கவிடாத அந்த மெக்சிகோ சலவைக்காரி ஜோக். கேட்டுக் கேட்டு அலுத்த வாசகர்கள் ஏராளம். அப்படியொரு ஜோக்கே கிடையாது, சும்மா போக்குக் காட்டினார் என்கிறான் என் தம்பி. இருக்கிறது, பத்திரிகையில் அச்சேறாத ரகம் என்பது என் கட்சி. போன தீபாவளிக்குக்கூட இதில் சண்டை வந்து, அம்மா இரண்டு பேரையும் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பேசச் சொன்னாள்.