நாவின் முடிச்சு



கடையில் பொழுது விடிந்தது முதல் நூறு பேரிடம் சளைக்காமல் விலை பேசுகிறோம். சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இரண்டு வார்த்தை சொல்லும்படி அழைத்தால் மட்டும் தொண்டை வறள்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இது கோழைத்தனமன்று. பலர் நம்மை உற்று நோக்கும்போது மனம் அதை ஆபத்தென்று எண்ணி, உடலை ஓடுவதற்கு ஆயத்தமாக்குகிறது, அவ்வளவே.

நபி மூஸா (அலை) அவர்களும் ஃபிர்அவ்னிடம் செல்லக் கட்டளை பிறந்தபோது, நெஞ்சு நெருக்குகிறது, நாவு ஓடாது என்று நாயனிடமே முறையிட்டார்கள். தாஹா சூரா 25 முதல் 28 வரையுள்ள ஆயத்துகளில் அவர்கள் கேட்ட துஆவின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நெஞ்சை விரிவாக்கக் கேட்டார்கள். அடுத்து காரியத்தை இலேசாக்க. அதன் பின்பே நாவின் முடிச்சை அவிழ்க்க. எதற்காக? மக்கள் மெச்சுவதற்கன்று, தம் சொல்லை விளங்கிக்கொள்வதற்காக! தம்மைவிடத் தெளிவாய்ப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குக் கேட்டுப் பெற்றார்கள்.

நமக்கும் இதுவே வழி. நம்மை என்ன நினைப்பார்களோ என்பதை விட்டு, சொல்வது விளங்குமா என்று பார்ப்போம். ஒரே விஷயத்தை எடுத்து, துண்டுக் காகிதத்தில் நான்கு வரி குறித்து, இஷாவுக்குப் பின் ஐந்து பேர் மத்தியில் சொல்லிப் பழகுவோம். பெரிய சபையில் நண்பர் ஒருவரை முன்வரிசையில் இருத்தி, பிஸ்மி சொல்லி நிதானமாய்த் தொடங்குவோம்.

நாம் வாய் மூடியிருந்தால் மத்ரஸாப் பிள்ளைகளின் தேவையை யார் எடுத்துச் சொல்வது? கணக்கில் தோன்றும் ஐயத்தை யார் கேட்பது? நாணயஸ்தர்கள் மௌனமாயிருக்கும் சபையில் சத்தக்காரர் சொல்வதே தீர்மானமாகிவிடும்.

வல்ல நாயன் நம் நெஞ்சை விரிவாக்கி, நாவை இலகுவாக்குவானாக! ஆமீன்.